வெளியே தராத நாவல்

கிளை நூலகத்தின் நூலகர் அந்த நாவலை இரண்டு தடவை படித்தார். இரண்டு தடவையும் தேம்பித் தேம்பி அழுதார். கதையில் கடல் உலகத்தையே விழுங்கிவிடுகிறது. மலையுச்சியில் தப்பிய முப்பது பேருக்கு மிஞ்சியது ஒரே ஒரு பாட்டுப் புத்தகம். யார் செத்தாலும் மிச்சப் பாட்டாவது பிழைக்கட்டும் என்று ஆளுக்கொரு தாளாகக் கிழித்து மடியில் கட்டிக்கொள்கிறார்கள்.

அழுது முடித்த மனுஷன் செய்த முதல் காரியம், நாவலுக்கு அட்டை போட்டு, ‘வெளியே தரப்படாது’ என்று முத்திரை குத்தி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியதுதான். கண்டவன் கை படலாமா?

ஆள் வராத கிளைகளை மூடப்போவதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக நூலகருக்கு அந்தக் கிளையை விட்டால் வேறு உலகமே கிடையாது. ஆய்வுக்கு அதிகாரி அம்மா வரும் நாளில், அதே நாவலைப் பற்றிக் கலந்துரையாடல் ஏற்பாடு செய்தார்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தரும் படிக்கவில்லை. எங்கிருந்து படிப்பது? ஓய்வுபெற்ற இன்ஜினீயர் கடைசியில் எல்லாரும் செத்துவிடுவதாகச் சொன்னார். தையல்காரம்மா கல்யாணத்தில் முடிவதாகச் சாதித்தார். கலை இல்லாமல் மனிதன் இல்லை என்பதில் மட்டும் பன்னிரண்டு தலையும் ஒன்றாக ஆடின.

அதிகாரி அம்மாவின் முகம் இறுகுவதைப் பார்த்து நூலகரே எழுந்து, தாள் கிழிக்கும் இடத்தைச் சொன்னார். பாதியில் மூன்றாவது தடவையாக அழுதார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“காலேஜ் விட்டப்புறம் நான் ஒரு கதைகூடப் படிக்கல சார். உங்க பதிவேட்டுல இந்த மாசம் ஒரு பேரும் இல்ல. அந்த நாவலை எனக்குக் குடுங்க. முதல் பேரா என் பேரை எழுதுங்க. மேலிடத்துல நான் பேசிக்கிறேன்.”

நூலகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாவிக்காகப் பையில் கை விட்டார். அதற்குள் அதிகாரி அம்மா விரலை நாக்கில் தொட்டுத் தன் கோப்பின் அடுத்த தாளைப் புரட்டினார்.

நூலகரின் கை அப்படியே நின்றது.

“மன்னிச்சுக்குங்க மேடம்,” என்றார். “அது வெளியே தர்ற புத்தகம் இல்ல.”

இன்ஜினீயர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி அம்மா பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். ‘புத்தகங்கள் மிகப் பத்திரமாக உள்ளன’ என்ற முதல் வரியைப் படித்ததும் நூலகருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது வரி, ‘கிளையை மூடலாம்.’