ரிச்மண்டில் கேட்ட கேள்வி

2009 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேம்ஸ் கரைப் பாதையில் டெடிங்டனைத் தாண்டியதும் யோகமலர் பாதையோரம் உட்கார்ந்துவிட்டாள். புதுச் சப்பாத்து கடித்துக் குதிக்காலில் கொப்புளம் போட்டிருந்தது. பின்னால் வந்த பியற்றிஸ் புல்லில் முழந்தாளிட்டு, அவள் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துப் பிளாஸ்டர் ஒட்டினாள். தன் மாற்றுச் சொக்ஸையும் எடுத்துப் போட்டுவிட்டாள்.

"என்ரை தங்கச்சிகூட இப்பிடிச் செய்யமாட்டாள்," என்றாள் யோகமலர்.

"அப்ப நான்தான் தங்கச்சி. எழும்புங்கோ அக்கா, பட்னிப் பாலத்துக்கு இன்னும் பத்து மைலுக்கு மேல கிடக்கு."

முன்னால் போன கலாவதி திரும்பி நின்று சிரித்தாள். லண்டன் கிங்ஸ்பரியில் யோகமலரின் பக்கத்து வீட்டுக்காரி. ஐந்து வயது மூத்தவள். இரத்தத்தில் சீனி கூடின வருத்தத்துக்கு டொக்டர் அவளை நடக்கச் சொன்னதிலிருந்து இருவரும் ஞாயிறுதோறும் நடந்தார்கள். பியற்றிஸ் பழக்கமானது ஏப்ரலில், போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்தின் முன் கூடிய சனத்துக்குள். மே மாதம் வன்னியில் அவள் அண்ணன் செத்த செய்தி வந்தபோது, அவளை மடியில் கிடத்தி அழவிட்டவள் யோகமலர்தான்.

அன்று நல்ல வெயில். வழியில் புல்வெளியில் மாடொன்று கலாவதியைத் துரத்த, மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் போலக் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம்.

ரிச்மண்டில் ஆற்றோர வாங்குப் பலகையொன்றில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பியற்றிஸின் மீன் கட்லட்டில் மூன்றைத் தின்று முடித்த கலாவதி கேட்டாள்: "நல்ல கைப்பக்குவம். நீர் ஊரில எவடம்?"

பியற்றிஸ் ஊரின் பெயரைச் சொன்னாள்.

"அங்க எந்தப் பக்கம்? ஐயா என்ன செய்தவர்?"

"கள்ளுச் சீவினவர், அக்கா. அந்த உழைப்பிலதான் நாங்கள் நாலு பேரும் படிச்சனாங்கள்." குரலில் பெருமை இருந்தது.

கலாவதி கையிலிருந்த நாலாவது கட்லட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். "வயிறு நிறைஞ்சிட்டுது."

பியற்றிஸ் பெட்டியை யோகமலரிடம் நீட்டினாள். எடுக்கப்போன கை, கலாவதியின் பார்வை பட்டதும் பின்னுக்கு வந்தது.

"எனக்கும் போதும்."

பியற்றிஸ் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு, "நாங்கள் ரெண்டு பேரும் போவம்," என்றாள் கலாவதி. யோகமலர் தலையாட்டினாள். பியற்றிஸுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வழக்கமாகச் சந்திக்கும் ரயில் ஸ்ரேஷனில் அவள் மழைக்குள் ஒரு மணித்தியாலம் நின்று, நாலு தரம் போன் அடித்தாள். யோகமலர் திரையில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் விட்டாள்.

மூன்று வாரம் மனம் அரித்தது. பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் பியற்றிஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாங்கோ அக்கா. இருங்கோ." பியற்றிஸ் குசினிப் பக்கம் திரும்பியவள் நின்றாள். "தேத்தண்ணி போடட்டோ? குடிப்பியளோ?"

அந்தக் கடைசிச் சொல்லில் யோகமலர் உடைந்துபோனாள். "என்னை மன்னிச்சிடு பிள்ளை," என்று விம்மினாள்.

பியற்றிஸின் கண்ணும் நிறைந்தது. "கோபமில்லை அக்கா. கலாவதியக்கா கேட்ட கேள்வி எனக்குப் புதுசில்லை. நீங்கள் பேசாம இருந்ததுதான் தாங்க ஏலாமக் கிடக்கு. இனி உங்களோட நடந்தா, அடிக்கொருக்கா உங்கட முகத்தைப் பாத்துப் பாத்தெல்லோ நடக்கவேணும்? வேண்டாம்."

தேநீரைக் குடித்துவிட்டு யோகமலர் வெளியே வந்தாள். பஸ் தரிப்பில் நிற்கையில் கலாவதியின் போன் வந்தது. "ஞாயிறு எங்க போறம்?"

"நான் வரேல்லை அக்கா."

"ஏன், அவளுக்காகவோ? நான்தானே கேட்டனான், உமக்கென்ன?"

"கேட்டது நீங்கள். வாயை மூடிக்கொண்டிருந்து அவளைத் துரத்தினது நான்," என்றாள் யோகமலர். "கேக்கிறவையால மட்டும் சாதி கடல் தாண்டி வரேல்லை அக்கா. பக்கத்தில இருந்தும் 'பிழை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லாத என்னைப் போல ஆக்கள்தான் அதைச் சுமந்துகொண்டு வந்து இஞ்ச இறக்கினது."