கோடையில் இந்த ஓடை

நாலு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது தையல்காரியின் வலது காலில் இருந்த பலத்தையும் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு முப்பத்தைந்து வருடமாக இடது காலை நம்பித்தான் அவள் வாழ்க்கை நடந்தது. தையல் மெஷினையும் அந்த ஒரு காலால்தான் மிதித்தாள். மதியம் ஆவதற்குள் இடுப்பு கழன்று விழுவதுபோல் வலிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு சட்டை. அதற்கு மேல் உடம்பு கேட்காது.

மலைமேல் இருந்த அந்த நாற்பது வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். அவள் மோட்டாரைப் பார்த்தாள். சொம்பு அளவே இருந்த அதைத் தம்பி மெஷினின் பக்கத்தில் பூட்டிக் கொடுத்தான். இடது பாதத்தை லேசாக வைத்தாலே ஊசி பறந்தது. முதல் நாளே ஐந்து சட்டை முடிந்தது.

தம்பி மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, இன்னிக்கு முனகல் சத்தமே காணோம்? உசுரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."

"ஆசையப் பாரு இவளுக்கு," என்றாள் தையல்காரி. பத்து வருடமாக ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள். நல்ல வார்த்தை ஒன்று பேசிக்கொண்டால் இருவருக்குமே உடம்புக்கு ஆகாது.

அந்த மின்சாரம் ஓடையிலிருந்து வந்தது. மேட்டில் தொட்டி கட்டி, ஓடைத் தண்ணீரை அதில் சேர்த்து, நீளமான குழாயில் சரிவாக இறக்கி, கீழே ஒரு தகரக் கொட்டகைக்குள் இரும்புச் சக்கரத்தின்மேல் பீய்ச்சினார்கள். சக்கரம் சுழன்றால் மின்சாரம். இதையெல்லாம் செய்தவர் ஓர் என்ஜினீயர். சரிவு, குழாய், கம்பத்துக்குக் கம்பம் உள்ள தூரம் என்று எதைக் கண்டாலும் நாடாவை நீட்டுவார். பேச்சையும் அளந்துதான் பேசுவார். ஊர் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தையல்காரியின் தம்பிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் முதன்முதலில் ஓடையை அளக்க வந்தது மழை முடிந்த கையோடு. வாளியை ஓடையில் பிடித்து, அது நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். துணி அலசிக்கொண்டிருந்த தையல்காரி சும்மா இருக்கவில்லை.

"சார், கல்யாண வீட்டுல பொண்ணைப் பாத்துட்டு தினமும் இப்படித்தான் இருப்பான்னு நினைக்கக் கூடாது. கோடையில வந்து பாருங்க, கணுக்கால்கூட நனையாது."

அவர் சிரித்தார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மின்சாரம் வந்து ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. மோட்டாரை நம்பி, அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அறுபது சீருடை தைத்துத் தருவதாகத் தையல்காரி ஒத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய வேலை அதுவரை அவளைத் தேடி வந்ததில்லை. துணியை வெட்டி அடுக்கிய வாரத்தில் வெயில் ஏறியது. ஓடை இளைத்தது. மோட்டார் சளி பிடித்த பிள்ளைபோல் இழுத்தது.

ஒரு காலையில் தம்பி வாசலிலேயே நின்றான்.

"அக்கா, நாளையிலேர்ந்து பகல்ல கரண்ட் கிடையாது."

"யார் சொன்னது?"

"நான்தான். பகல்ல திறந்துவிட்டா சாயங்காலம் தொட்டி காலி. ஊரே இருட்டுல உக்காரும்."

"அறுபது உருப்படி வெட்டி வெச்சிருக்கேன்டா."

"தெரியும். ஆனா சொந்த அக்காங்கறதுக்காகத் திறந்துவிட்டா நாளைக்கு யார் மூஞ்சியில முழிப்பேன்?"

அவன் சொன்னதில் அவளால் குறை காண முடியவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. மறுநாள் மோட்டாரின் பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி மிதிக்க உட்கார்ந்தாள். ஆறு மாதப் பழக்கத்தில் இடது கால் சோம்பேறியாகியிருந்தது. அன்று ஒரு சட்டைகூட முடியவில்லை.

செய்தி கேட்டு அளவுக்காரர் தானாகவே வந்தார். மலைமேல் இருந்த தொடக்கப் பள்ளிக் கொட்டகையில் ஊர் கூடியது. ஊர்த் தலைவர் நல்ல மனுஷர். வந்தவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவரே ஆரம்பித்தார்.

"மழை குறைஞ்சுபோச்சு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அளவுக்காரர் எழுந்தார். "மழை குறையலைங்க. எப்பவும் பெய்யற அளவுதான் பெஞ்சிருக்கு. தப்பு என்னோடது."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை.

"கோடையில அளக்காம இதைச் செய்யக் கூடாது. விண்ணப்பம் கொடுக்க அஞ்சு நாள்தான் இருந்துது. விட்டா இந்த ஊருக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோன்னு தோணிச்சு. பாதியாக் குறையும்னு நானே ஒரு கணக்குப் போட்டு எழுதிட்டேன். இப்ப ஓடுறது அஞ்சுல ஒரு பங்கு."

பின்னாலிருந்து ஒருவர், "ஆக, ஓடையை அளக்கல. கதையளந்திருக்கார்," என்றார். சிலர் சிரித்தார்கள். அளவுக்காரர் தலையசைத்தார்.

தையல்காரி கோலை ஊன்றி எழுந்தாள். "அன்னிக்கு நான் சொன்னதும் நோட்டுல ஏதோ எழுதினீங்களே. என்னன்னு எழுதினீங்க?"

அவர் பையைத் துழாவி அந்த நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடிப் படித்தார்: "கோடையில் வந்து பார்க்கச் சொன்னார் ஒரு அம்மா."

"எழுதிட்டு?"

"வரலைங்க."

அவளுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டுவதற்கான வார்த்தைகளை வரும் வழியெல்லாம் சேர்த்தும் வைத்திருந்தாள். ஒளிந்துகொள்ளாமல் எதிரே நிற்கிற ஆளிடம் அவற்றை எப்படிச் செலவழிப்பது என்றுதான் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் சக்கரக் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவளும் மெல்ல இறங்கிப் போனாள். ஒரு பீப்பாய்த் தண்ணீரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இது யார் குளிக்க?"

"சோதனைக்கு ஓட்டறேன். இழுக்க ஆள் இல்லாத கரண்ட் இதுலதான் போய் வெந்நீராகுது. உங்க மோட்டாருக்கு வேண்டியது துளியூண்டு. அதுக்காகத் திறந்தாலும் சக்கரம் தண்ணியை முழுசாக் குடிச்சிடும்."

"ஒரு முழத்துக்காக ஒரு கட்டுத் துணியையே வெட்டற கதை."

"அதேதான். தண்ணி பீய்ச்சுற வாய் ரெண்டுல ஒண்ணை மூடிட்டு, இன்னொண்ணுல சின்ன வாய் மாட்டலாம்னு கொண்டுவந்திருக்கேன். கொஞ்சத் தண்ணியில கொஞ்சக் கரண்ட். காலையில மூணு மணி நேரம் ஓட்டலாம்." மேட்டுத் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா அந்தத் தண்ணியும் சாயங்காலத் தண்ணிதான். விளக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அணையும். நாற்பது வீட்டுலயும். அதை ஊர்தான் சொல்லணும்."

மாலையில் மறுபடி ஊர் கூடியது. அளவுக்காரர் விஷயத்தை வைத்தார். எனக்காக உங்கள் வெளிச்சத்தைக் கொடுங்கள் என்று கேட்கத் தையல்காரிக்கு நாக்கு எழவில்லை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்கவே முடியாது.

கடைசி வரிசையிலிருந்து தம்பி மனைவி எழுந்தாள்.

"சாப்பிட்டு முடிச்சப்புறம் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் நாமெல்லாம் வெளிச்சத்துல என்ன கிழிக்கிறோம்? அடுத்த வீட்டுக் கதை பேசுறோம். அதை இருட்டுல பேசினா இன்னும் ருசி. எங்க அண்ணி ஒரு காலால மிதிச்சு மிதிச்சு இந்த ஊருக்கே துணி தெச்சிருக்காங்க. அவங்க தெச்சதைப் போடாம இங்க உக்காந்திருக்கிறவங்க யாராவது இருந்தா எழுந்து வேண்டாம்னு சொல்லுங்க."

யாரும் எழவில்லை. தலைவர் மட்டும் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த தச்சர், "காலையில கரண்ட் வந்தா என் துளைபோடுற மெஷினும் ஓடுமில்ல?" என்று கேட்டார். ஓடும் என்றார் அளவுக்காரர். அத்தோடு பேச்சு முடிந்தது. முணுமுணுத்தவர்கள் வீட்டுக்குப் போய் முணுமுணுத்தார்கள்.

திரும்பும் வழியில் தையல்காரி, "நீ பேசுவேன்னு நான் நினைக்கல," என்றாள்.

"உங்களுக்காகவா பேசினேன்? பகல் பூரா உங்க முனகலை யார் கேக்கறது?" என்றாள் தம்பி மனைவி. ஆனாலும் மேடான இடத்தில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அளவுக்காரர் நாலு நாள் தங்கினார். அறுபதில் நாற்பத்தாறு சீருடை சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சத்துக்குப் பள்ளிக்கூடம் முகம் சுளித்தது, பிறகு ஒரு மாதம் பொறுத்துக்கொண்டது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் அவர் போனில் பேசினார். நடந்ததை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்ததையும், அடுத்த திட்டத்தை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு தன்னைக் கிடங்கில் குழாய் எண்ணப் போட்டிருப்பதையும் சாதாரணமாகச் சொன்னார்.

"உண்மையைச் சொன்னதுக்கா?"

"தப்புப் பண்ணினதுக்கு. எண்ணுறது எனக்கு வரும்ங்க, கவலைப்படாதீங்க."

அவள் சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகுதான் அவர்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். கொஞ்சம் இன்னும் இருந்தது. அதன் பக்கத்திலேயே, அவரைக் கிடங்கில் போட்டவர்கள்மேல் புதிதாக ஒரு கோபமும் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, நூலை ஊசியில் கோத்தாள்.