இரண்டு முறை எழுதிய செலவு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கணக்கு என்றால் உயிர். கிரெடிட் கார்டைத் தேய்த்த கையோடு, கடை வாசலிலேயே நின்று நோட்டில் எழுதிவிடுவார். பின்னால் நிற்பவர்கள் வழி கேட்டால் முறைப்பார். அப்படியெல்லாம் கட்டிக் காத்தும் ஐந்து மாதமாக பட்ஜெட்டில் துண்டு விழுந்துகொண்டே இருந்தது.

எரிச்சலில் வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டார். ஷாம்பூவில் தண்ணீர் கலந்தார். மனைவியிடம், "எனக்குத் தெரியாம எதாவது வாங்குறியா?" என்றுகூடக் கேட்டுத் தொலைத்தார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பதின்மூன்று வயது மகளின் நீச்சல் வகுப்பில் கை வைத்தார். பள்ளி அணிக்கு ஆள் எடுக்க இரண்டே மாதம் இருந்தது. அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "காசில்லன்னா என்னப்பா பண்றது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அணிக்கு ஆள் எடுத்து முடிந்த மறுவாரம், ஒரு ஞாயிறு காலை, மனைவி பாஸ்புக்கோடு வந்து உட்கார்ந்தாள்.

"பேங்க்ல பணம் ஏறிட்டே இருக்கு. உங்க நோட்டுல மட்டும் எப்படிங்க குறையுது?"

"பேங்க்ல எதையாவது தப்பா போட்டிருப்பான். நோட்டு பொய் சொல்லாது."

அவள் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். "மூணாம் தேதி கார்டுல செருப்பு. எழுதியிருக்கீங்க. இருபதாம் தேதி கார்டு பில் கட்டினதுன்னு மொத்தமா இன்னொரு தடவை எழுதியிருக்கீங்க. அந்த பில்லுக்குள்ள இதே செருப்புதான இருக்கு?"

"கட்டினேன்ல? கட்டினத எழுத வேண்டாமா?"

"எத்தன ஜோடி வாங்கினோம்?"

அவர் நோட்டை வாங்கி முந்தைய பக்கங்களைப் புரட்டினார். எல்லா மாதமும் அதே லட்சணம்தான். கார்டில் வாங்கிய ஒவ்வொன்றும் இரண்டு முறை செலவாகியிருந்தது. தன் மேலேயே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டைத் தூக்கி எறிந்தார். அது சோபாவுக்குப் பின்னால் போய் விழுந்தது.

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாளைலேர்ந்து நீச்சலுக்குப் போம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "அப்பா கணக்குல ஒரு தப்பு பண்ணிட்டேன்."



"அப்போ, அன்னைக்கும் காசு இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு" என்றார்.