தாழ்ந்த குரலில் ஓர் ஏலம்

1

இந்தக் கதையை எழுதக் கூடாது என்றான் என் தம்பி. அதனால்தான் எழுதுகிறேன்.

"எம்பொண்ணு கழுத்துல விளக்க மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாள்னு எழுதி ஊரெல்லாம் சிரிக்கவாண்ணா?"

கதை அவன் மகளைப் பற்றியது. ஏலக்கூடத்தில் பழைய மேசை நாற்காலிகளை ஏலம் விடுகிறவள். அவளுக்கு முன் அவன். அவனுக்கு முன் எங்கள் அப்பா. ஏலத்தை முடிக்கும் மூன்றாம் தரத்தைத் தெருமுனைவரை கேட்கும்படி கத்துவது எங்கள் வீட்டு வழக்கம்.

2

வெண்கல மணி போன்ற அவள் குரல் ஒரு நாள்—

வேண்டாம். மணிக்குத் தொண்டை கட்டாது.

அவளுக்குக் கட்டியது. ஏலமில்லாத நாள்களில் குரலைச் சேமிப்பதாக நினைத்து வீட்டில் கிசுகிசுத்தே பேசினாள். (அப்பன் கற்றுக்கொடுத்த சிக்கனம்.) தொண்டை இன்னும் மோசமானது.

3

குரல் சிகிச்சை தருகிற அம்மாள், சிவப்பு விளக்குகள் பதித்த பட்டையை அவள் கழுத்தில் சுற்றினார். சூடில்லை, வலியில்லை.

"இந்த வெளிச்சம் குணமாக்கிடுமா?" என்றேன்.

"தொண்டைக் களைப்புக்கு உதவலாம் பெரியவரே. ஆராய்ச்சி இன்னும் நடக்குது. ஆனா கிசுகிசுக்குறதையும் கத்துறதையும் இவங்க விட்டே ஆகணும். மூணாந்தரத்தையும் சாதாரணமா பேசுற குரல்லதான் சொல்லணும்."

"எங்கப்பா கேட்டா மயக்கம் போட்டுருவாரு" என்றாள் அவள்.

"பட்டை கழுத்துல இருக்குறப்ப பேசாதீங்கம்மா!"

(இங்கே பெரியப்பன் கண்கலங்கினான் என்று எழுதினால் கதை உருகும். கலங்கவில்லை. எழுத மாட்டேன்.)

4

ஏல நாளன்று கூடத்து முதலாளி வாசலிலேயே மறித்தார்.

"மைக்கெல்லாம் கிடையாது. உங்க குடும்பத்துக் குரலுக்குத்தான் கூட்டமே வருது. மூணாந்தரத்துல கூடம் அதிரணும். இல்லன்னா அடுத்த வாரம் வேற ஆளப் பாத்துக்குவேன்."

ஒரு முடிவில் அவள் கத்துகிறாள், கைதட்டல் எழுகிறது, குரல் அதோடு... கிழித்துவிட்டேன். இன்னொன்றில் சிவப்பு விளக்கு அதிசயம் நிகழ்த்துகிறது. அதையும் கிழித்தேன்.

நடந்தது இது. தேக்கு அலமாரி ஏலத்துக்கு வந்தது. ஒரு தரம் என்றாள். இரண்டு தரம் என்றாள். முன்வரிசையிலிருந்து என் தம்பி, "கத்துடி!" என்றான்.

"வேணும்னா நீங்க கத்துங்கப்பா."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவதுபோல மூன்றாம் தரத்தைச் சொல்லிச் சுத்தியலை வைத்தாள்.

எங்கள் வீட்டு மானம் போயிற்று என்பவர் என் வாசலுக்கு வந்து சொல்லட்டும்.

5

முதலாளி பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கிறார். கேட்டதா என்று அங்கிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரமும் நீங்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

கேட்கவில்லை என்றால் எழுந்து முன்னால் வாருங்கள். அவள் குரலை உயர்த்த மாட்டாள். நானும்தான்.