உரசிப் பார்த்த கல்

நகைக்கடையில் காலையிலிருந்து கல் சோதித்தே கிளைட்டனுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. கப்பல்காரன் மனைவி ஸ்டெபி இரண்டு சிவப்புக்கல் மோதிரங்களை அவர் முன்னால் வைத்தாள். அவளுக்கும் மாமியாருக்கும் அவள் கணவன் கொழும்பிலிருந்து வாங்கிவந்தவை.

"எது உசத்தி அண்ணாச்சி?"

லென்ஸை வைத்ததுமே அவருக்கு அலுத்துவிட்டது. ஒரு கல்லில் புதுக் கீறல்.

"ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பாத்தியளோ?"

"ஆமா."

"பொறவு என்கிட்ட எதுக்கு வந்திய? கீறல் விழாதது மாணிக்கம். விழுந்தது ஸ்பினெல். நிறம் ஒண்ணுதான், கடினம் ஒருபடி கம்மி. கீறல் விழுந்தது யாருது?"

ஸ்டெபியின் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"அத்தையோடது. அவுக குளிக்கப் போனப்ப சொல்லாம எடுத்துட்டு வந்தேன். என் கல்லுலயும் ஒரு கீறல் போட்டுத் தாங்க. ரெண்டும் ஒண்ணுபோல இருந்துட்டுப் போகட்டும்."

கிளைட்டன் கண்ணைக் கசக்கினார்.

"மாணிக்கத்துல கீறல் போட வைரம் வேணும்மா."