ஒழுகாத குழாய்

விபத்துக்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு ஸ்டீயரிங் வேலை என்று ஒருவரும் வண்டி கொண்டுவரவில்லை. ஆயில் மாற்றக் கொடுத்தார்கள், கிளட்ச் போட்டுக்கொண்டு போனார்கள், சைலன்சருக்கு ஒட்டுப் போடச் சொன்னார்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலை மட்டும் அடுத்த தெருப் பட்டறைக்குப் போனது. யாரும் முகத்துக்கு நேரே காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்கு முன்னால் பட்டறைக்காரரைத் தேடி வந்ததே ஸ்டீயரிங் வேலைக்காகத்தான். பவர் ஸ்டீயரிங் வைத்த பழைய கார்களில், பம்பிலிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்கு எண்ணெயை அழுத்தத்தோடு கொண்டுபோகும் ரப்பர் குழாய் ஒன்று உண்டு; மெக்கானிக்குகள் வாயில் அது 'ஓஸ்'. வயதானால் அது முதலில் வியர்க்கும், பிறகு ஒழுகும், ஒருநாள் பிளந்துகொள்ளும். செய்த கம்பெனிக்காரன் அந்த மாடலையே மறந்திருப்பான். புதுக் குழாய்க்கு எங்கே போவது? இவர் இரண்டு முனைகளிலும் இருக்கும் இரும்புப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, நடுவில் புது ரப்பர் கொடுத்து, பூண் போட்டு அமுக்கித் தந்துவிடுவார். அதனால் 'ஓஸ்காரர்' என்றே பெயராகிவிட்டது. வேகமாகக் கூப்பிட்டால் 'ஓசிக்காரர்' என்று காதில் விழும். நண்பர்கள் வேண்டுமென்றே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அது அந்தக் காலம்.

தங்கையின் கணவர் வாடகைக்கு ஓட்டிய காரும் அப்படிப்பட்ட பழசுதான். குழாய் கசிகிறது என்று மாப்பிள்ளை வந்து நின்றபோது, இவரே உட்கார்ந்து புதிதாகக் கட்டி மாட்டிக் கொடுத்தார். அதே மாதத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், எதிரே ஈ காக்கை இல்லாத சாலையில், ஆற்றோரத்து வளைவில் அந்த வண்டி திரும்பாமல் நேரே போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். பின் இருக்கையில் ஓர் இளம் நர்ஸ். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், தன்னுடன் வேலை பார்த்தவர்கள் கையில் அவள் இறந்தாள்.

வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி, நசுங்கிய பானெட்டின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே எஞ்சின் மேல் முழுக்கச் சிவப்பு எண்ணெய். "பழைய வண்டி, ஒட்டுப்போட்ட ஓஸ். அதான் வெடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் அது ஊர் முழுக்கப் பரவியது. இழவு வீட்டில், அத்தனை பேர் முன்னிலையில், தங்கை எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"உன் கையாலதானே மாட்டின? சொல்லு, உன் கையாலதானே மாட்டின?"

அவர் என்ன சொல்வார்? அவர் கையால்தான் மாட்டினார்.

குழாய் வெடித்தால் ஸ்டீயரிங் கனக்குமே தவிர அடியோடு பூட்டிக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வளைவில் திடீரென்று கனத்தால்? கை எதிர்பார்க்காமல் இருந்தால்? அப்படி யோசித்து யோசித்து, அதிகாரி சொன்னதை அவரும் நம்பிவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடந்த வண்டியை ஒருநாள் எடுத்துப்போகச் சொன்னார்கள். இழுத்து வந்து பட்டறையின் பின்மூலையில் தார்ப்பாய் போட்டு மூடினார். பழைய இரும்பு உடைசலுக்குப் போடவும் மனம் வரவில்லை, பாயை விலக்கவும் துணிவில்லை. மூடிக்கிடக்கும் வரையில் அது ஊரார் பேச்சு. திறந்து பார்த்து, தன் பூணுக்குப் பக்கத்திலேயே ரப்பர் பிளந்திருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால், பிறகு ஒளிய இடமில்லை.

நர்ஸின் அப்பா ஒரு வாட்ச்மேன். சாயங்காலம் வேலைக்குப் போகும்போது பட்டறைக்கு எதிரே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நிற்பார். திட்டியதில்லை, கல்லெடுத்ததில்லை. பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு போய்விடுவார். அவர் நிற்கும் நேரத்தில் ஓஸ்காரர் ஏதாவதொரு வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வார். வேலை இருக்கிறதோ இல்லையோ.

மழை விட்ட ஒரு காலையில், வெளியூரிலிருந்து குடிவந்த தையல்காரப் பெண்மணி ஒருத்தி தன் காரை முனகவிட்டபடி உள்ளே கொண்டுவந்தாள். பின் இருக்கை நிறையப் பள்ளிச் சீருடைகள். மாப்பிள்ளை ஓட்டிய அதே மாடல், கிட்டத்தட்ட அதே நிறம்.

"திருப்புறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது. துணி தைக்கிற கைங்க இது, மல்யுத்தம் பண்ற கை இல்ல" என்றாள் அவள்.

குனிந்து பார்த்தார். அழுத்தக் குழாய் நடுவில் பிளந்திருந்தது. முனை இரும்பும் துருவேறி, தொட்டால் உதிர்ந்தது. இதை வைத்துப் புதிதாகக் கட்ட முடியாது.

"ஸ்டீயரிங் வேலை நான் இப்போ பார்க்கிறதில்லைம்மா."

"ஏன், அடுத்த தெருக்காரர் உங்களைத்தானே காட்டினாரு? இந்த மாடலுக்கு அவர்கிட்ட சாமான் இல்லையாம். உங்ககிட்ட ஒண்ணு நிக்குதுன்னாரே." அவள் பார்வை பின்மூலைக்குப் போனது. தார்ப்பாய்க்கு வெளியே ஒரு பின்விளக்கு தெரிந்தது. "அதுல இருந்து எடுத்து மாட்டுங்க."

"அது அடிபட்ட வண்டி."

"அடிபட்டது முன்னாடியா, ஓஸ்லயா?"

அவள் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. "வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் போன பிறகும் வெகுநேரம் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தார்ப்பாயை இழுத்தார்.

பானெட்டை நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டர் பின்னால் தள்ளப்பட்டு எஞ்சின்மேல் சாய்ந்திருந்தது. அதற்குப் பின்னால், ஸ்டீயரிங் எண்ணெய் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா முட்டை ஓடு போல நொறுங்கிக் கிடந்தது. அதிகாரி பார்த்த எண்ணெய் முழுவதும் அதிலிருந்து கொட்டியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குழாயைத் தடவிக்கொண்டே போனார். பம்பு முனையில் பூண் அசையவில்லை. நடுவில் கீறல் இல்லை. மறுமுனையிலும் அப்படியே.

கழற்றினார். நட்டு ஒருமுறை நழுவிக் கீழே விழுந்தது. குழாயை மேசையோரத்து வைஸ் பிடியில் பூட்டி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கைப்பம்பை மாட்டி எண்ணெய் ஏற்றினார். மீட்டர் முள் ஏறியது. வண்டி ஓடும்போது இருக்கும் அழுத்தத்தைத் தாண்டியும் ஏற்றினார். குழாய் விறைத்தது. முள் நின்ற இடத்தில் நின்றது. பூணைச் சுற்றி விரலை ஓட்டினார். விரல் காய்ந்தே இருந்தது.

பம்பைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. பெல்ட் அறுபடவில்லை. ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றி, அதன் தண்டைத் தள்ளிப் பார்த்தார், இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் செய்யவில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போல மூச்சு வந்தது. விம்மி விம்மி அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் அடுத்தது உறைத்தது. ஸ்டீயரிங் நன்றாக இருந்தது என்றால், மாப்பிள்ளை ஏன் திருப்பவில்லை?

தங்கை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் படியேறி வந்ததைப் பார்த்தும் குனிந்து அடுத்த துணியை எடுத்தாள். இழவு வீட்டுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியதே இல்லை.

பழந்துணியில் சுற்றியிருந்த குழாயைப் பிரித்துக் காட்டினார்.

"இது ஒழுகல."

அவள் ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள்.

"எண்ணெய் ஏத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு வரல. எல்லாமே நல்லாத்தான் இருந்திருக்கு. அவர் திருப்பவே இல்ல."

"எதுக்குக் கழட்டின?" என்றாள் அவள்.

அப்படியா என்று அவள் கேட்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அண்ணனுக்கு அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரத்துணி அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வலிப்பு" என்றாள். "குளிக்கப் போன இடத்துல ஒரு தடவை. அப்புறம் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டாரு. இனிமே வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதே, உங்க அண்ணன்கிட்டகூட சொல்லாதேன்னாரு. வண்டியை நிறுத்திட்டு வீட்டுல என்ன பண்ணுவேன்னு கேட்டாரு. மாத்திரை சாப்பிட்டாரு, நின்னுபோச்சு. நின்னுபோச்சுன்னுதான் நெனச்சோம்."

"அந்த நர்ஸ் பொண்ணு?"

"அதைக் கேக்காதே."

"என்னை ஏன் சொன்ன? அத்தனை பேர் முன்னாடி..."

"அன்னிக்கு எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஓஸ்னு யாரோ சொன்னாங்க. நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்." அவள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அண்ணன். நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

அவர் குழாயைத் திரும்பவும் துணியில் சுற்றினார்.

"அண்ணா, வெளிய சொல்லாதே. என் பொண்ணுக்கு அப்பான்னா உயிர். தெரிஞ்சா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. அண்ணா!"

அவர் படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் வந்து எதிரே நின்றபோது ஓஸ்காரர் வண்டிக்கு அடியில் போகவில்லை. சாலையைக் கடந்து அவரிடம் போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்."

வாட்ச்மேன் தயங்கி, பிறகு வந்தார். ஓஸ்காரர் குழாயை மறுபடி வைஸில் பூட்டி, எண்ணெய் ஏற்றிக் காட்டினார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். குழாய் விறைத்ததைப் பார்த்தார், முள் நின்றதைப் பார்த்தார்.

"இதுதான் அந்த வண்டியில இருந்ததா?"

"ஆமாங்க."

"கழட்டும்போது யார் கூட இருந்தா?"

ஓஸ்காரருக்கு அப்போதுதான் தன் முட்டாள்தனம் புரிந்தது. "யாருமில்லீங்க."

"ஓஸ் கட்டுறது உன் தொழில். நேத்துகூடக் கட்டியிருக்கலாம். இது அதுதான்னு நான் எப்படி நம்புறது?"

ஊரில் எவரிடம் காட்டினாலும் அதே கேள்விதான் வரும். தான் குற்றம் செய்யவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் ஸ்பானரால் தானே கழற்றிப் போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் அதைச் சொன்னார்: மாப்பிள்ளைக்கு வலிப்பு இருந்தது, தங்கைக்குத் தெரியும், இன்றைக்குத்தான் தன்னிடம் சொன்னாள்.

வாட்ச்மேன் தொப்பியைத் தலையில் வைத்தார். "வா. அவங்களையே கேப்போம்."

கதவைத் தட்டியதும் தங்கை வந்தாள். அவளுக்குப் பின்னால் மகள் வந்து, தாயின் தோளில் முகவாயை வைத்தபடி நின்றாள். மாமாவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் கல்லாகியது.

"அம்மா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் வாட்ச்மேன். "ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுக்காரருக்கு வலிப்பு இருந்துச்சா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். மகள், "என்னம்மா சொல்றாங்க?" என்றாள்.

"இல்லீங்க" என்றாள் தங்கை. "அவர் நல்லாத்தான் இருந்தாரு."

ஓஸ்காரர் வாயைத் திறந்தார். டாக்டர், மாத்திரை என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. தாயின் தோளை அந்தப் பெண் இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

தெருமுனை வரை வந்தபின் வாட்ச்மேன் நின்றார்.

"நான் எதுக்கு தினம் அங்க வந்து நின்னேன், தெரியுமா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "வேணும்னேவா பண்ணியிருப்பான், அவனும் மனுஷன்தானே, அவனும் தவிச்சுக்கிட்டுத்தான் இருப்பான்னு என் மனசுக்குச் சொல்லிப் பார்ப்பேன். உன்னைப் பார்த்து அதைச் சொன்னா கொஞ்சம் அடங்கும். இப்போ செத்தவன் தலையிலயே பழியைத் தூக்கிப் போடுற. பொம்பளைப் பிள்ளை முன்னாடி. இனிமே அதையும் சொல்லிக்க முடியாதபடி பண்ணிட்டியேப்பா."

அதன் பிறகு அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. வேறு தெரு வழியாக வேலைக்குப் போகிறார் என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் ஓஸ்காரர் அந்தக் குழாயைத் தையல்காரியின் வண்டியில் மாட்டினார். வைத்திருந்து யாரிடம் காட்டப்போகிறார்? புது வாஷர் போட்டு, எண்ணெய் ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, உள்ளிருக்கும் காற்றெல்லாம் போகும்வரை ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் வந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள்.

"ஒத்தை விரல்ல திரும்புதே!"

"அம்மா, தெரிஞ்சுக்கங்க. இதை எடுத்த வண்டியில ரெண்டு பேர் செத்துப்போயிருக்காங்க."

அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஓஸாலயா?"

"இல்ல."

"சரி" என்று சாவியைத் திருப்பினாள். நம்பினாளா, அல்லது சீருடை கொடுக்கும் அவசரமா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு 'சரி'யைக்கூட வேறு யாரும் அவருக்குத் தரவில்லை.

பின்மூலையில் கிடந்த வண்டியை உடைசல்காரனுக்குத் தள்ளிவிட்டார். அது நின்ற இடத்தில் எண்ணெய்க்கறையும் காய்ந்த இலைகளும் மட்டும் மிஞ்சின.

சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அவர் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது இரண்டு பாதங்கள் வந்து நின்றன. செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. முகத்தைப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது.

"அண்ணா."

அவர் ஸ்பானரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு கொண்டுவந்திருக்கேன். அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கு அவ முன்னாடி என்னால முடியல. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். தன்னாலும்தான் முடியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்து அழுதிருப்பாள், அவரும் எழுந்து வெளியே வந்திருப்பார், பழையபடி ஏதாவது ஆகியிருக்கலாம். தலைக்கு மேலே இருந்த நட்டைப் பார்த்துக்கொண்டே, "வேலை இருக்கு" என்றார்.

பாதங்கள் அசையவில்லை. பாத்திரம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு ஊக்கு குத்திய செருப்பு, ஒரு காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குள் போயிற்று. அவர் இறுகிப்போன நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்.