வழக்கில் கிடக்கும் ஐஸ்

கிண்ணியாவில் அபூதாஹிரின் பக்டரியில் செய்த ஐஸ் உருகுவதில்லை. கொழும்பில் ஒரு நீதிமன்றம் உத்தரவு போட்ட நாளில் இருந்து இப்படித்தான். வழக்கு முடியும்வரை மெசினிலும் அதன் மென்பொருளிலும் ஒருவரும் கை வைக்கக்கூடாது, எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மனிசர் இப்படியான உத்தரவுகளை அரைகுறையாகத்தான் மதிப்பார்கள். ஐஸ் முழுதாக மதித்தது. முற்றத்தில் அடுக்கிய கட்டிகள் வைகாசி வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஒருமுறை ஏற்றினால் மாதக்கணக்கில் போதும் என்று படகுக்காரர் முதலில் சந்தோஷப்பட்டார்கள். பிறகு படகுகள் நாறிய சூரை மீனோடு திரும்பின. ஐஸ் உருகினால்தான் மீன் குளிரும். உருகாத ஐஸும் கருங்கல்லும் ஒன்று, தொட்டால் கைகூடக் குளிராது. படகுக்காரர் பட்டினத்து ஐஸுக்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வழக்கு வந்த கதை இது. எப்போது தண்ணீர் விடுவது, எப்போது குளிரை ஏற்றுவது என்று மெசினுக்குச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பழைய மென்பொருள் படுத்துவிட்டபோது, லிங்கநகரில் கம்ப்யூட்டர் திருத்துகிற சுகிர்தன் வேறொன்றைப் போட்டுக் கொடுத்தான். "இது உலகத்து ஆக்கள் சேந்து எழுதி, ஆரும் எடுக்கலாம் எண்டு திறந்து விட்டது, நானா. உள்ளுக்க என்ன கிடக்கெண்டு நீங்களும் பாக்கலாம்."

"எனக்கு உள்ளுக்க பாக்கத் தெரியாது தம்பி. ஐஸ் உறையுமா?"

உறைந்தது. சில வருடம் நல்ல ஐஸ். சும்மா கிடைத்த சாமானுக்கு எங்கிருந்தாவது ஒருத்தன் உரிமை கேட்டு வருவான் என்று கடைத்தெருவில் சொன்னோம். வந்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, அந்த மென்பொருளுக்குள் தாங்கள் எழுதிய வரிகள் களவாகப் புகுந்திருக்கின்றன, பதிப்புரிமை தங்களுக்கு என்றது. எழுதினவர்கள் ஆயிரம் பேர், ஆளுக்கொரு தேசம், பிடிக்க ஏலாது. பாவிக்கிறவன் லேசில் பிடிபடுவான். அபூதாஹிருக்குப் பெயர்ப்பலகை இருந்தது, விலாசம் இருந்தது. எந்த வரிகள் என்று கேட்டதற்கு, அது தங்கள் இரகசியம் என்று பதில் வந்தது.

அபூதாஹிருக்காக வழக்குப் பேசிய அப்புக்காத்து நிரோஜினி ஒரு வழி சொன்னார். கம்பெனியின் சாமான் என்று ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தால் வழக்கை எடுப்பார்கள், உத்தரவும் போய்விடும். ஆனால் அந்தக் கையெழுத்தைக் காட்டி, அதே மென்பொருளில் ஓடுகிற தோப்பூர் அரிசி ஆலைகளையும் பிடிப்பார்கள்.

"நான் களவெடுத்தன் எண்டு எழுதித் தரணுமா மகள்?"

"அப்பிடி இல்லை. அவையின்ர எண்டு ஒத்துக்கொண்டாச் சரி."

"ரெண்டும் ஒண்டுதானே."

அவர் வைக்கவில்லை. "மானத்த அரிஞ்சி போட்டு நான் கறியாக்குறதா?" என்று அவருடைய மனைவி உம்மு குல்சும் குசினிக்குள் இருந்து கத்தினது றோட்டு வரைக்கும் கேட்டது. அதற்கும் அவர் வைக்கவில்லை. ஐஸ் படுகிற பாட்டை நீதிபதி கண்ணால் கண்டால் விளங்கும் என்று நம்பி, ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றி லொறியில் கொழும்புக்கு ஏற்றிப் போனார். கம்பெனியின் அப்புக்காத்து அதைத் தடவிப் பார்த்தார், சிரித்தார், கோரிக்கையில் இன்னொரு பந்தி எழுதிக் கூட்டினார்: தண்ணீர் மட்டும் பிரதிவாதியுடையது, அது கட்டியாக நிற்கும் விதம் எங்களுடையது. நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு வேறொரு நாளுக்குத் தவணை போட்டார்.

தவணைகள் போயின. சுகிர்தன் கட்டாருக்குப் போனான். பக்டரிக் கதவில் உப்புக் காற்று ஓட்டை போட்டது. கடைசியில் ஒரு மாரி காலத்தில் அபூதாஹிர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிரோஜினியிடம் போய், கையெழுத்தை எங்கே வைக்க வேணும் என்று கேட்டார். நிரோஜினி பேனையை எடுக்கவில்லை. கம்பெனி கடன்பட்டு முறிந்துவிட்டது, அந்த வரிகள் யாருக்கு என்று கடன் கொடுத்தவர்கள் தங்களுக்குள் வேறு நாட்டில் வழக்காடுகிறார்கள், கையெழுத்தை வாங்குவதற்கு ஆள் இல்லை என்றார்.

"அப்ப உத்தரவ எடுக்கலாமே?"

"கோட்டில கேட்டுப் பாத்தனான் நானா. ஆருக்கு உரிமை எண்டு அங்க முடியுமட்டும் அப்பிடியே இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டினம்."

அது இன்னும் முடியவில்லை. ஒரு கட்டியில் உம்மு குல்சும் உடுப்புத் தோய்க்கிறார். கல்லைவிட நல்லது, பாசி பிடிக்காது என்கிறார். இன்னொன்றை பஸ் நிற்கிற இடத்தில் இருக்கைக்குப் போட்டிருக்கிறோம். அபூதாஹிர் பட்டினத்தில் வேறொருவரின் ஐஸ் ஏற்றக் கூலிக்குப் போகிறார். விடிய வந்து அந்தக் கட்டியில்தான் இருப்பார். பஸ் வந்ததும் எழும்பி, உடுத்த சாரத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருக்கும். ஏறிப் போவார்.